கிவு வாவியின் எரிவாயுவும் ஒரு நாட்டின் விளக்கும்

மின்சாரம் என்றதும் எமது மனக்கண் முன்னே பெரிய அணைக்கட்டுகளும் வானளாவிய புகைபோக்கிகளுமே வந்து நிற்கின்றன. பெரிதாக இருந்தால்தான் நாட்டுக்குப் பயன் என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆனால் ஆபிரிக்காவின் நடுவேயுள்ள ருவாண்டா என்னும் சிறிய நாட்டில், 26 மெகாவாற் மட்டுமே தருகின்ற எரிவாயு மின் நிலையமொன்று நாட்டின் மின் விநியோகத்தைத் தாங்கும் தூண்களில் ஒன்றாக விளங்கி வந்திருக்கின்றது. சுண்ணாகத்தில் 2013 இல் திறக்கப்பட்ட உதுரு ஜனனி மின் நிலையமும் ஏறக்குறைய இதே அளவானதுதான். நுரைச்சோலையின் 900 மெகாவாற்றோடு ஒப்பிட்டால் இது முப்பத்துநான்கில் ஒரு பங்கு.

இந்த நிலையத்தின் பெயர் 'கிவுவாற்'. இதை நாம் இங்கு எடுத்துக்கொள்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒரு நாட்டுக்கு மின் நிலையத்தின் அளவு மட்டும் போதாது. மழை பொய்த்த காலத்திலும் அது ஓடுகிறதா என்பதே முக்கியம் என்பது ஒன்று. ஒரு விவசாயக் குடும்பத்துக்கு அதன் பயன் வேறோர் இடத்தில் தீர்மானிக்கப்படுகின்றது என்பது மற்றையது. மின்கம்பி எவ்வளவு தூரம் வருகிறது, அலகுக்கு என்ன விலை, அருகில் வாழும் மக்களிடம் எவராவது கேட்டார்களா என்பனவே அதைத் தீர்மானிக்கின்றன. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த எமக்கு இவ்விரண்டும் விளங்கக் கூடியவையே.

மழையை நம்பிய மின்சாரம்

ருவாண்டா மலைகள் நிறைந்த நாடு. பரப்பளவு 26,338 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பாதியிலும் குறைவு. 2022 குடிசன மதிப்பீட்டின்படி அங்கே 1 கோடி 32 இலட்சம் பேர் வாழ்கின்றனர். பெரும்பான்மையோர் சிறு விவசாயிகள். மலைச் சரிவுகளில் அவரை, உருளைக்கிழங்கு, மரவள்ளி, வாழை, கோப்பி ஆகியவற்றைப் பயிரிடுகின்றனர்.

1994 இல் அந்நாட்டில் நடந்த இனப்படுகொலையில் சுமார் 100 நாட்களுக்குள் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்பதை உலகம் அறியும். அதன் பின் ஏறக்குறைய 20 இலட்சம் பேர் அயல் நாடுகளுக்கு ஓடினர். அவர்களுள் பெருந்தொகையினர் கிவு வாவியின் வடகரையிலுள்ள கோமா நகரை அடைந்து, அங்கு கொலராவுக்கு ஆளாயினர். இப்படிச் சிதைந்த ஒரு நாடு மீண்டும் எழுந்து நிற்க முயன்ற காலத்தில், அதன் மின்சாரம் பெரும்பாலும் சில சிறிய நீர்மின் நிலையங்களையே நம்பியிருந்தது.

2004 இல் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. நாட்டின் வடக்கே ருகேசி என்னும் சதுப்பு நிலம் உண்டு. அது மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்து, சிறிது சிறிதாக புரேரா வாவிக்கு விடுகின்றது. அந்த வாவியின் நீரே ந்தருக்கா மின் நிலையத்தை ஓட்டுகின்றது. காணி போதாத விவசாயிகள் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி, நீரை வடித்துப் பயிர் செய்தனர். சுற்றியுள்ள மலைச் சரிவுகளின் மண்ணும் அரித்து வந்தது. அத்தோடு மழையும் குறைந்தது. நிலையத்தின் பராமரிப்பும் சீராக இருக்கவில்லை. வாவியின் நீர்மட்டம் இறங்க, ந்தருக்காவின் உற்பத்தி பெரும்பகுதி வீழ்ந்தது.

தலைநகர் கிகாலி இருளில் மூழ்கியது. அரசு டீசல் மின்பிறப்பாக்கிகளை வாடகைக்கு எடுத்தது. ருவாண்டாவுக்குக் கடற்கரை கிடையாது. எனவே டீசல் அயல் நாடுகளினூடாகப் பாரவூர்திகளில் நெடுந்தூரம் வரவேண்டும். இந்தச் செலவு மக்கள் தலையில் விழுந்தது. மின் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. 1996 இல் எமது நாட்டிலும் வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றி, நாளுக்குப் பல மணிநேர மின்வெட்டு நடைமுறையில் இருந்ததை நினைவுகூர்ந்தால் இந்த நெருக்கடியின் தன்மை எமக்கு விளங்கும்.

பின்னர் ருகேசி சதுப்பு நிலத்தில் பயிர்செய்வதும் மாடு மேய்ப்பதும் தடைசெய்யப்பட்டன. கரைகளில் புல்லும் மரங்களும் நாட்டப்பட்டன. நீர்மட்டமும் மீண்டது. நாட்டுக்கு இது நன்மையே. ஆனால் அங்கு பயிர் செய்த ஏழைக் குடும்பங்கள் தமது பாத்திகளை இழந்தன என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. தேசிய மின்சாரத்தின் விலையில் ஒரு பகுதியை, அந்த மின்சாரம் எட்டாத வீடுகளும் செலுத்தின.

வாவிக்குள் வாயு வந்த வகை

மழையை நம்பாத மின்சாரம் வேண்டும் என்ற நிலையில், ருவாண்டா தன் மேற்கு எல்லையைத் திரும்பிப் பார்த்தது. அங்கேதான் கிவு வாவி இருக்கின்றது. அதன் மறுகரை கொங்கோ நாட்டுக்குரியது. ஆழம் கூடிய இடத்தில் சுமார் 480 மீற்றர் ஆழமுடையது. நூறு தென்னை மரங்களை வெட்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்த வேண்டியதில்லை. இருபது இருபத்தைந்து மரங்களை அடுக்கினாலே அந்த ஆழம் வந்துவிடும் என்று எண்ணிக்கொள்ளலாம்.

வாவியைச் சுற்றியுள்ள நிலம் எரிமலை நிலம். பூமிக்கடியிலிருந்து வரும் ஊற்றுகள் காபனீரொட்சைட்டு வாயுவையும் உப்புக்களையும் அடியில் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஒட்சிசன் இல்லாத அந்த ஆழத்தில் வாழும் நுண்ணுயிர்கள், அந்த வாயுவிலிருந்தும் அடியில் படியும் அழுகிய பொருட்களிலிருந்தும் மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. சாணக் குழியில் உயிர்வாயு உண்டாவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதே மெதேன்தான் இது.

அப்படியானால் வாயு ஏன் மேலே வந்து போய்விடவில்லை? யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளை எண்ணிப் பாருங்கள். நிலத்தின் கீழே நன்னீர், பாரமான உவர்நீரின் மேல் மிதக்கின்றது. இரண்டும் இலகுவில் கலப்பதில்லை. கிவு வாவியிலும் அவ்வாறே, உப்பு மிகுந்த பாரமான நீர் அடியிலும் இலகுவான நீர் மேலேயும் தங்கி, நெடுங்காலமாகக் கலக்காமல் இருக்கின்றன. அந்த அடிநீரில், மேலேயுள்ள நீரின் பாரத்தால் அழுத்தப்பட்டு, வாயுக்கள் கரைந்து கிடக்கின்றன. கணிப்பின்படி அங்குள்ள காபனீரொட்சைட்டு சுமார் 300 கன கிலோமீற்றர். மெதேன் சுமார் 60 கன கிலோமீற்றர்.

வளமும் அதுவே, ஆபத்தும் அதுவே

இந்த வாயு வெறும் செல்வம் மட்டுமல்ல. 1986 ஆகஸ்ட் 21 ஆம் திகதி இரவு, கமரூன் நாட்டின் நியோஸ் என்னும் சிறிய வாவியின் அடியிலிருந்து காபனீரொட்சைட்டு திடீரெனப் பொங்கி எழுந்தது. காற்றிலும் பாரமான அந்த வாயு பள்ளத்தாக்குகளின் வழியே இறங்கிப் பரவியது. உறக்கத்திலிருந்த சுமார் 1,700 பேரும் ஆயிரக்கணக்கான மாடுகளும் மூச்சுத் திணறி மாண்டனர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1984 இல், அதே நாட்டின் மொனூன் வாவியில் 37 பேர் அவ்வாறே இறந்திருந்தனர்.

கிவு வாவி நியோசைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியது. அதன் கரைகளில் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். வாவியின் அடுக்குகள் இன்று உறுதியாகவே உள்ளன என்பது ஆய்வாளரின் கருத்து. எனினும் பெரும் எரிமலை வெடிப்பொன்று வாவியின் அடியில் நிகழ்ந்தால் என்னவாகும் என்ற கேள்வி நீங்கவில்லை. 2021 மே 22 ஆம் திகதி நியிரகொங்கோ எரிமலை வெடித்தபோது இந்த அச்சமும் சேர்ந்துகொள்ள, கோமா நகரிலிருந்து சுமார் 4 இலட்சம் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறினர். பலர் ருவாண்டா எல்லையைக் கடந்தனர்.

மெதேனை எடுத்தால் வாவியிலுள்ள வாயுவின் அழுத்தம் காலப்போக்கில் குறையும். ஆனால் இதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். சிறு நிலையமொன்று தனியே இந்த ஆபத்தை நீக்கிவிடும் என்று எவரும் கூற முடியாது.

வாயுவை எடுக்கும் முறை

இந்த வாயுவைப் பயன்படுத்தும் எண்ணம் புதியதல்ல. 1963 இலேயே வாவிக் கரையிலுள்ள கிசென்யி நகரின் பியர் வடிசாலைக்குச் சிறிதளவு மெதேன் எடுக்கப்பட்டது. 1975 இல் ருவாண்டாவும் அன்று சயீர் எனப்பட்ட கொங்கோவும், வாயு இரு நாடுகளுக்கும் சமபங்கு என ஒப்பந்தம் செய்தன. 2008 இல் சில மெகாவாற் அளவிலான பரீட்சார்த்த நிலையமொன்று இயங்கத் தொடங்கியது. கிவுவாற் நிலையத்துக்கான ஒப்பந்தம் 2009 இல் 'கொன்டூர் குளோபல்' என்னும் வெளிநாட்டு நிறுவனத்துடன் கைச்சாத்திடப்பட்டது. வேலை எதிர்பார்த்ததிலும் கூடுதல் காலம் எடுத்தது. 2015 ஆம் ஆண்டின் முடிவில் வணிக உற்பத்தி தொடங்க, 2016 மே மாதம் சனாதிபதி போல் ககாமே நிலையத்தைத் திறந்து வைத்தார். செலவு சுமார் 20 கோடி அமெரிக்க டொலர். ஆபிரிக்க அபிவிருத்தி வங்கியும் ஐரோப்பிய நிதி நிறுவனங்களும் கடன் கொடுத்தன.

கரையிலிருந்து 13 கிலோமீற்றர் தொலைவில் பெரிய மிதவையொன்று நங்கூரமிடப்பட்டுள்ளது. அதிலிருந்து சுமார் 350 மீற்றர் ஆழத்துக்குக் குழாய்கள் இறங்குகின்றன. அடிநீர் மேலே வர வர அழுத்தம் குறைகின்றது. சோடாப் போத்தலின் மூடியைத் திறந்ததும் நுரை எழுவதுபோல, வாயு குமிழ்களாகப் பிரிகின்றது. தொடக்கத்தில் மட்டுமே பம்பி வேண்டும். பின்னர் எழும் குமிழ்களே நீரை மேலே இழுத்து வருகின்றன. பிரிந்த வாயுவில் காபனீரொட்சைட்டும் கலந்திருக்கும். அது நீரில் இலகுவில் கரையக்கூடியது என்பதால், வாயுவை நீரால் கழுவி அதன் பெரும்பகுதியை அகற்றுகின்றனர். எஞ்சிய மெதேன் குழாய்வழியே கரைக்கு வந்து, கரோங்கி என்னுமிடத்தில் மூன்று இயந்திரங்களை ஓட்டுகின்றது. ஒவ்வொன்றிலும் 20 சிலிண்டர்கள் உண்டு. டீசலுக்குப் பதிலாக வாயுவை எரிக்கும் பெரிய இயந்திரங்கள் என்று இவற்றைச் சொல்லலாம்.

வாயு நீக்கப்பட்ட நீரை எங்கே விடுவது என்பதே மிகவும் கவனிக்க வேண்டிய விடயம். அந்த நீரில் போசணைப் பொருட்கள் மிகுதி. அதை மேற்பரப்பில் விட்டால் பாசி பெருகி, ஒட்சிசன் குறைந்து, மீன் அழிந்துபோகும். 'சம்பாசா' எனப்படும் சிறு மீனைப் பிடித்து வாழும் மீனவர் பலர் அங்கு உள்ளனர். ஆகவே நீர் சுமார் 240 மீற்றர் ஆழத்துக்குத் திருப்பி அனுப்பப்படுகின்றது. இந்த ஆழம் சரியானதா, காலப்போக்கில் அடுக்குகள் தளருமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குடாநாட்டுக் கிணற்றில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும் என்பதை அறிந்த எமது விவசாயிகளுக்கு, இந்த விவாதத்தின் பாரம் புரியும். ருவாண்டா அரசு வாவியைத் தொடர்ந்து அளந்து கண்காணிக்கும் பிரிவொன்றை அமைத்துள்ளது.

சிறிய நிலையம், பெரிய பொறுப்பு

நிலையம் தொடங்கிய காலத்தில் ருவாண்டாவின் மொத்த மின்வலு ஏறக்குறைய 200 மெகாவாற். அதில் 26 என்பது எட்டில் ஒரு பங்கு. ஆனால் உற்பத்தியான அலகுகளில் அதன் பங்கு இதைவிடக் கூடுதலாகவே இருந்தது. நீர்மின் நிலையங்கள் கோடையில் தளரும். ருவமகானா என்னுமிடத்தில் 2014 இல் அமைக்கப்பட்ட 8.5 மெகாவாற் சூரியசக்தி நிலையம் பகலில் மட்டுமே வேலை செய்யும். டீசலை எரித்தால் காசு கரையும். வாவியின் வாயுவோ இரவும் பகலும், மாரியும் கோடையும் ஒரே சீராகக் கிடைக்கின்றது. ஒரு குடும்பத்தில் நாள்தோறும் தவறாது கூலி கொண்டுவரும் பிள்ளை மற்றவர்களைவிடக் குறைவாக உழைத்தாலும், அடுப்பு எரிவது அந்தப் பிள்ளையாலேயே. தேசிய மின் விநியோகத்தில் இந்த நிலையம் வகித்த இடம் அத்தகையது.

இதை 100 மெகாவாற்றாகப் பெருக்கும் எண்ணம் முதலில் இருந்தது, அது நிறைவேறவில்லை. ஆனால் அதே வாவியில் 'ஷேமா பவர்' என்னும் 56 மெகாவாற் நிலையம் 2023 அளவில் முழு உற்பத்திக்கு வந்தது. கொங்கோவுக்கும் சமபங்கு உரிமை உண்டு. ஆயினும் ஓயாத போரினால் அக்கரை மக்கள் அந்த உரிமையின் பயனைக் காணவில்லை. 2025 ஜனவரியில் கோமா நகரம் மீண்டும் ஓர் ஆயுதக் குழுவின் கையில் வீழ்ந்தது. ஒரே வாவி, ஒரே வாயு. அமைதி இருந்த கரையில் விளக்கெரிந்தது.

கம்பி வீட்டுக்கு வந்ததா?

2009 இல் ருவாண்டாவில் நூற்றுக்கு ஆறு வீடுகளுக்கே மின்சாரம் இருந்தது. அந்த ஆண்டில் தொடங்கிய இணைப்புத் திட்டத்தின் மூலமும், தூரக் கிராமங்களில் சிறிய சூரியசக்தித் தகடுகள் மூலமும், இன்று அரசின் கணக்குப்படி நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட வீடுகள் ஏதோவொரு வகையில் மின்வெளிச்சம் பெறுகின்றன. இணைப்புக் கட்டணத்தைத் தவணையாகக் கட்ட வழி செய்யப்பட்டது. மாதம் 15 அலகுக்குள் பாவிக்கும் ஏழை வீடுகளுக்கு 2017 இல் அலகு விலை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டது. மின் நிலையம் கட்டியதனால் மட்டும் இவை நடந்துவிடவில்லை. இவை தனியே எடுக்கப்பட்ட முடிவுகள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. போரின் பின் திரும்பி வந்த மக்களையும் மலைகளில் சிதறி வாழ்ந்தோரையும் 'இமிடுகுடு' எனப்படும் கூட்டுக் கிராமங்களில் குடியேற்றும் கொள்கை 1990களின் பிற்பகுதியில் நடைமுறைக்கு வந்தது. வீடுகள் நெருங்கியிருந்தால் மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் கொண்டுவருவது இலகு. ஆனால் சிலர் தம் விருப்பத்துக்கு மாறாகப் பழைய வீட்டைவிட்டு இறங்க வேண்டியிருந்தது. தோட்டம் ஓரிடம், வீடு ஓரிடம் என்றாகி, காவலுக்கும் பசளை சுமப்பதற்கும் சிரமப்பட்டோர் பலர். மீள்குடியேற்றத்தை அறிந்த எமக்கு இது விளக்கம் தேவைப்படாத வேதனை.

சமையலறைக்கும் மின்சாரம் போகவில்லை. 2022 கணக்கெடுப்பின்போதும் பத்தில் ஒன்பது வீடுகள் அளவில் விறகிலோ கரியிலோதான் சமைத்தன. விறகு சுமக்கும் பெண்களின் சுமையை மின்விளக்கு இறக்கி வைப்பதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

எமது பக்கமும் இத்தகைய கேள்விகள் புதியவையல்ல. 2006 இல் போரினால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் காணிகள் அடங்கிய பகுதியில் 500 மெகாவாற் நிலக்கரி மின் நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. அந்த மக்கள் ஆண்டுக்கணக்காக முகாம்களில் காத்திருந்தனர். 2016 இல் அந்த நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. மறுபுறம், 2011 இல் மன்னார்க் கடற்படுகையில் இயற்கை எரிவாயு இருப்பது துளையிட்டுக் கண்டறியப்பட்டது. அது இன்னும் எடுக்கப்படவில்லை. ஒருநாள் எடுக்கப்பட்டால் அந்தக் கடலில் தொழில் செய்வோரும் கரையில் பயிர் செய்வோரும் அதைக் குறித்துப் பேசத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது வேண்டும். அதனாலேயே கேட்டுத் தெளிய வேண்டும்.

விவசாய சங்கங்களும் மாதர் சங்கங்களும் தமது அடுத்த கூட்டத்தில் பின்வருவனவற்றைக் கலந்து பேசலாம்.

1. எமது பகுதியில் மின் நிலையமொன்று வருமானால், யாருடைய காணி போகும்? அதற்கு ஈடாக என்ன, எப்போது கிடைக்கும்? எழுத்தில் உண்டா?

2. நீர், மீன், கிணறு ஆகியவற்றை யார் அளந்து பார்ப்பது? அந்த அளவுகள் மக்களுக்குத் தமிழில் தெரிவிக்கப்படுமா?

3. நிலையத்துக்கு அருகிலுள்ள வீடுகளுக்கு முதலில் இணைப்புக் கிடைக்குமா? குறைவாகப் பாவிக்கும் குடும்பத்துக்குக் குறைந்த விலை உண்டா?

4. ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு? அது முடியும்போது எமது பிள்ளைகளுக்கு எஞ்சுவது என்ன?

5. எமது குளங்களுக்கு நீர் தரும் காடும் சதுப்பும் இன்று எந்த நிலையில் உள்ளன? அவற்றைக் காக்கும்போது அங்கு பயிர் செய்யும் ஏழைக்கு மாற்றுவழி என்ன?

இந்த ஐந்தாவது கேள்விக்கு மின் நிலையம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாரிக்கு முன்னரே பேசத் தொடங்கலாம்.